ஒத்தப்பனைத் தெரு, எட்டாம் நம்பர்

மதராஸ், சைதாப்பேட்டை
30-1-1961

செவந்திக்கு ஆண்டியப்பன் எழுதுவது.

பொங்கலுக்கு வந்துவிட்டு நல்லபடியாக மதராஸ் வந்து சேர்ந்தேன். அரிசித் தூசியில் கொஞ்சம் இருமல். அது எப்போதும் உள்ளதுதான்.

ஊரில் உன்னிடம் சொன்ன விஷயம் முடிவாகிவிட்டது. முதலாளி கண்ணுசாமி இந்த அரிசிக் கடையில் பாதியை எனக்குத் தருகிறேன் என்கிறார். சித்திரை முடிவதற்குள் நாலாயிரம் கட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமாக இன்னொருவர் கடையில் படி பிடித்து அளந்துகொண்டிருக்கிறேன், இனி என் கடையில் அளக்கலாம். நம் இலுப்பூர் வீட்டை விற்றால் பணம் சரியாகிவிடும். கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. நீயும் வந்துவிடலாம். இங்கே குழாயைத் திருகினால் தண்ணீர்.

தரகர் கருப்பனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஆட்களைக் கூட்டி வருவார். வீட்டைத் திறந்து காட்டு. உன் வாயை மட்டும் கொஞ்சம் மூடி வை.

விற்கலாம் என்று நான் சொன்னபோது நீ "சரிங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாய். ஒரு வார்த்தையோடு நீ நிறுத்தி நான் பார்த்ததில்லை. அதனால் கேட்கிறேன். சம்மதம்தானே?

ஆண்டியப்பன்


இலுப்பூர்
14-2-1961

அன்புள்ள மச்சானுக்குச் செவந்தி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் ஆடு இரண்டும் குட்டி ஒன்றும் சுகம். குட்டிக்கு மட்டும் காலில் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆடுகள் உங்களை விசாரிக்கவில்லை. நானாகத்தான் விசாரிக்கிறேன்.

சம்மதம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போதாவது கேட்கத் தோன்றியதே, மதராஸ் தண்ணீருக்கு ஏதோ குணம் இருக்கிறது.

இங்கே ஒரு சங்கதி நடந்துவிட்டது. சென்சஸ் எடுக்கிறார்களாம், அதற்காக வீட்டுக்கு வீடு நம்பர் போடுகிறார்கள். ஓர் ஆள் தார் டின்னும் பிரஷுமாக வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் கிழக்கு முனையில் பிச்சை அண்ணன் வீட்டில் ஆரம்பித்து ஒன்று, இரண்டு என்று கதவில் எழுதிக்கொண்டே வந்தார். நம் தெருவில் மொத்தமே எட்டு வீடு. மேற்குக் கடைசியில் இருக்கிற நமக்கு எட்டு வந்துவிட்டது. நான் என்ன செய்ய முடியும்? பூசணிக்காய் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்த மாதிரி அவ்வளவு பெரிய எட்டு.

மூன்றாம் நாளே கருப்பன் அண்ணன் அரிமளத்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். வெல்ல வியாபாரி. உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை எண்ணிப் பார்த்தார், எல்லாம் பிடித்திருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கதவைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "ஏந்தாயி, இது எட்டா?" என்றார். "எட்டுத்தாங்க" என்றேன். நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவர் துருவிக் கேட்டதால், நம்பர் போட்ட மறுநாளே ஆட்டுக்குட்டி நொண்ட ஆரம்பித்ததை மட்டும் சொன்னேன். நடந்ததைத்தானே சொன்னேன்?

அவருக்கு அட்டமத்துச் சனி நடக்கிறதாம். "சனி எனக்கு எட்டுல உக்காந்திருக்காரு. நானும் எட்டாம் நம்பர்ல குடிவந்தா அப்புறம் அவரு எந்திரிச்சுப் போவாரா?" என்று சொல்லிவிட்டு நடந்தார். கருப்பன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

செவந்தி


மதராஸ்
22-2-1961

செவந்திக்கு.

மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் தார் போய்விடும். இன்றைக்கே தேய். கண்ணன் பிறந்ததே அஷ்டமியில்தான் என்று அடுத்து வருகிறவர்களிடம் சொல். ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லாதே. ஆடு என்றால் நொண்டத்தான் செய்யும்.

ஒன்று புரியவில்லை. பஸ் நிற்பது மேற்கே. அங்கே இறங்கி வருகிறவர் நம் வீட்டைத் தாண்டித்தான் பிச்சை வீட்டுக்குப் போக வேண்டும். அவர் ஏன் கிழக்கே ஆரம்பித்தார்? சரி, அதை விடு.

முதலாளி தினம் ஒரு தடவை கேட்கிறார். வேறு ஒருவரும் பங்கு கேட்டு வந்து போகிறார்.

ஆண்டியப்பன்


இலுப்பூர்
9-3-1961

அன்புள்ள மச்சானுக்கு.

நீங்கள் சொன்னபடி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தார் போகவில்லை, பரவிவிட்டது. முன்பு தெருமுனையிலிருந்து தெரிந்த எட்டு இப்போது அன்னவாசலிலிருந்தே தெரியும் என்று நினைக்கிறேன். மண்ணெண்ணெய் அரைப் படி போனதுதான் மிச்சம். அளக்கிற ஆளுக்குச் சொல்ல வேண்டுமே என்று சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை குடுமியான்மலையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். கண்ணன் பிறந்த கதையைச் சொன்னேன். அந்த மனிதர் தலையை ஆட்டினார், எட்டு அவருக்குச் சம்மதம். அந்த அம்மாதான் தெருப் பெயரைக் கேட்டது. ஒத்தப்பனைத் தெரு என்றேன். "ஒத்தையா?" என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டது. ஒத்தை என்று பெயர் வைத்த தெருவில் சோடியாகக் குடிவந்தால் ஒருவர்தான் மிஞ்சுவோம் என்று அதற்குப் பயம். அப்படியெல்லாம் இல்லை, நானும் சோடிதான், என் வீட்டுக்காரர் மதராஸில் இருக்கிறார், பத்தொன்பது வருஷமாக நான் ஒத்தையாகத்தான் இருக்கிறேன் என்று தைரியம் சொன்னேன். அதற்கு மேல் அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பிச்சை அண்ணன் வீட்டுக்கு ஒன்றாம் நம்பர் இல்லையா? அதற்கு இப்போது வந்திருக்கிற கிராக்கியைப் பார்க்க வேண்டும். அதே அளவு வீடு. வடக்குச் சுவர் தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி நிற்கிறது. நம் வீட்டைவிட ஐந்நூறு கூடுதலாகக் கேட்கிறார்கள். அவர் விற்கமாட்டேன் என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடக்கிறார். போன மாசம் வரை அந்தத் துண்டு இடுப்பில் இருந்தது.

சென்சஸ்காரரும் வந்து போனார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து இரண்டு பேர் என்றேன். யார் யார் என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, வீட்டுக்காரர் மதராஸில் இருந்தால் அங்கேதான் கணக்கு என்று சிரித்துவிட்டு ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

சித்தரத்தை ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். காரமாக இருக்கிறது என்று துப்பக் கூடாது.

செவந்தி


மதராஸ்
18-3-1961

செவந்திக்கு.

சித்தரத்தை வந்தது. காரம்தான். துப்பவில்லை.

தெருப் பெயரை மாற்றச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒத்தப்பனைத் தெரு என்று எழுதியதும், அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ ஒத்தையாக இருக்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. கேலிக்குச் சொன்னாய் என்று தெரியும். மனு எழுதவில்லை.

கருப்பன் வேறு ஆள் பார்த்திருக்கிறார். அன்னவாசல் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஆத்மநாதன். கறுப்புச் சட்டைக்காரர். நம்பர், நாள், நட்சத்திரம் ஒன்றுக்கும் பயப்படமாட்டாராம். கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வார். அவரிடம் உன் ஆட்டுக்குட்டி எடுபடாது.

கொல்லையில் மாதுளை எப்படி இருக்கிறது? கேட்க வேண்டும் என்று தோன்றியது.

ஆண்டியப்பன்


இலுப்பூர்
2-4-1961

அன்புள்ள மச்சானுக்கு.

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். மூன்றாங்கிளாஸ் படித்தவளுக்குக் காகிதம் இவ்வளவு செலவாகக் கூடாது.

வாத்தியார் வந்தார். கதவைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாப் பெருசா இருக்கும்மா. தபால்காரருக்கு வசதி" என்றார். தெருப் பெயரைச் சொன்னேன். இன்னொரு பனங்கொட்டையை ஊன்றினால் இரண்டாகிவிடும் என்றார். கடைசியில் ஆட்டுக்குட்டியைச் சொன்னேன். அதை மடியில் தூக்கி வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்து ஒரு கருவேல முள்ளைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். குட்டி இப்போது துள்ளிக்கொண்டு திரிகிறது. அவர் நல்ல மனிதர், அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

பிறகு கொல்லையைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். மாதுளைக்குக் கீழே நின்று அங்கிட்டும் இங்கிட்டும் காலால் அளந்து பார்த்தார். "இந்த மரத்த எடுத்துட்டு இங்கன ஒரு கெணறு வெட்டலாம்னு பாக்குறேன்" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். அவர் நூறு ரூபாயை முன்பணமாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அரிசிப் பானைக்குள் அப்படியே கிடக்கிறது.

மச்சான், தார் டின் ஆள் மேற்கே இருந்துதான் வந்தார். நம் வாசலில்தான் டின்னை இறக்கி வைத்தார். நம் கதவில்தான் முதலில் எழுதப் போனார். நான்தான் மோர் கொடுத்து உட்காரவைத்து, கிழக்கே புளியமரத்து நிழல் இருக்கும்போதே அந்தப் பக்கம் முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். தெருவில் எட்டு வீடு என்று எனக்குத் தெரியாதா? எட்டு வரட்டும், வீடு விலை போகாமல் கிடக்கட்டும் என்றுதான். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் எல்லாம் எட்டைச் சொன்னேன், பனையைச் சொன்னேன், ஆட்டைச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அரிமளத்துக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருப்பார். கொல்லையில் பிள்ளையைப் புதைத்த வீடு என்று ஒரே ஒரு பேச்சு போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவளைக் காட்டி ஆட்களைப் பயமுறுத்த எனக்கு மனசு வரவில்லை. அவள் யாரைப் பயமுறுத்துகிறவள்? இருந்ததே பதினொரு நாள். அழுதால் அடுத்த அறைக்குக் கேட்காது.

சென்சஸில் இரண்டு பேர் என்று சொன்னேன் அல்லவா? உங்களையும் சேர்த்துச் சொன்னதாக நினைத்திருப்பீர்கள். உங்களைச் சேர்க்கவில்லை.

உங்களிடம் மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் எட்டைச் சொல்ல வைத்தேன். இப்போது நானே சொல்கிறேன். வீட்டை விற்க எனக்குச் சம்மதம் இல்லை. கடைப் பங்கு உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் விற்றுவிடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் மரத்தை எடுக்கக் கூடாது, அந்த இடத்தில் தோண்டக் கூடாது என்று பத்திரத்தில் எழுத வேண்டும். அதை நீங்கள் வந்துதான் வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். என்னால் முடியாது.

கேலி இல்லாமல் நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். பழக்கமில்லாததால் கை வலிக்கிறது.

செவந்தி


மதராஸ்
9-4-1961

செவந்திக்கு.

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அரிசி அளந்தேன். நேற்று ஓர் அம்மாவுக்கு ஒரு படி கூடுதலாகப் போட்டுவிட்டேன். முதலாளி அதை என் கணக்கில் எழுதிக்கொண்டார்.

எட்டு விஷயம் நீ எழுதிய அன்றைக்கே எனக்குத் தெரியும்.

நான் அளக்கிறவன். முதல் படியை ஒன்று என்று நாங்கள் சொல்வதில்லை, லாபம் என்றுதான் சொல்வோம். லாபம், இரண்டு, மூன்று என்று போகும். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் மூட்டைமேல் உட்கார்ந்து நம் தெருவை மனசுக்குள் அளப்பேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் நம் வீடு லாபம். அடுத்த வீடு இரண்டு. கடைசியில் பிச்சை வீடு எட்டு. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் நம் வீடு எனக்கு எட்டாக வந்ததில்லை. ஆகவே யாரோ அந்த ஆளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். தார் டின்னோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புகிற வாய் அந்தத் தெருவில் ஒன்றுதான் இருக்கிறது.

தெரிந்தும் நான் ஏன் அதட்டிக் கேட்கவில்லை என்றால், கேட்டால் நீ காரணம் சொல்லிவிடுவாய். அந்தக் காரணம் எனக்குத் தெரியும். அதைக் காதால் கேட்க எனக்குப் பயம். நீயே சொல்ல வேண்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தது.

அவளைக் கையில் ஏந்திக் கொல்லைக்குக் கொண்டுபோனது நான். குழி எடுத்ததும் நான்தான். நீ உள்ளே எழுந்திருக்க முடியாமல் கிடந்தாய். பிறகு நீ அங்கே மாதுளை வைத்தாய். அது துளிர் விட்ட மாசம்தான் நான் மதராஸுக்கு ரயில் ஏறினேன். சம்பளம் அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். இங்கே சம்பளம் அங்கே கிடைத்ததைவிட நாலு ரூபாய்தான் அதிகம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறேன். வாசலோடு இருந்துவிட்டுத் திரும்புகிறேன். குளிக்க வேண்டும் என்றால் கொல்லைக்குப் போகாமல் குளத்துக்குப் போவேன். மதராஸ்காரருக்குக் குளம்தான் ஒத்துக்கொள்ளும் போல என்று தெருவில் கேலி பேசுவார்கள். நீ மட்டும் அதைக் கேலி செய்ததில்லை. நீ கேலி செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். உனக்கும் தெரியும் என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

வீடு நம் கையை விட்டுப் போய்விட்டால் எனக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ அவளோடு இருக்க வேண்டும் என்று வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் அவளைப் பார்க்க முடியாமல் வீட்டை விற்கப் பார்த்தேன். இவ்வளவுதான் நம் சண்டை. பத்தொன்பது வருஷமாக நாம் போடாத சண்டை.

பங்கு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வேறு ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தாரே, அவருக்குக் கொடுத்துவிட்டார். இலுப்பூர் நெல் கடைகளில் படி பிடிக்க ஆள் வேண்டியிருக்கும். அந்தச் சம்பளம் போதும். நாலு ரூபாய் குறையும், பரவாயில்லை.

வாத்தியாரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் அப்படியே வைத்திரு, நான் வந்து சொல்கிறேன். இந்த மாசச் சம்பளம் வாங்கியதும் புறப்படுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவளுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் நீ ஏதாவது சொல்லிக் கூப்பிடாமல் இருந்திருக்கமாட்டாய். என்ன பெயர்?

ஆண்டியப்பன்


இலுப்பூர்
17-4-1961

அன்புள்ள மச்சானுக்கு.

நானும் ஆடுகளும் சுகம். இந்தத் தடவை அவை உங்களைக் கேட்டன.

கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். பத்தொன்பது வருஷமாக நாலு ரூபாய்க்கு மதராஸில் இருந்த மனிதரைக் கட்டிக்கொண்டேனே என்று சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. அடுப்புப் புகை என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு மூட்டவில்லை.

வாத்தியாரிடம் நானே போனேன். பணத்தைக் கொடுத்தேன். எட்டுக்காகவா என்று கேட்டார். இல்லை என்றேன். "எம்மக அந்தக் கொல்லையில இருக்கா" என்றேன். முதல் தடவையாக இன்னொருவர் காது கேட்க வாயால் சொன்னேன். சொல்லிவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்று இத்தனை வருஷம் பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அவர் "எட்டுக்கெல்லாம் ஒதுங்கமாட்டேம்மா. இதுக்கு ஒதுங்கிக்கிறேன்" என்று பணத்தை வாங்கிக்கொண்டார். தெரியாமல் கிணறு வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார். அடுத்த பிரசவத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று அவருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

கருப்பன் அண்ணன் நம் தெருப் பக்கமே வருவதில்லை. பிச்சை அண்ணன் இன்னும் துண்டைத் தோளில்தான் போட்டிருக்கிறார். மேற்கே இருந்து அளந்தால் அவர் வீடுதான் எட்டு என்று நீங்கள் வந்து உளறிவைக்காதீர்கள். பாவம், ஒன்றாம் நம்பரை நம்பி வடக்குச் சுவரைக் கட்ட ஆரம்பித்திருக்கிறார். சுவர் எழும்புகிற வரைக்காவது அந்த நம்பர் அவருக்கு இருக்கட்டும்.

நம் கதவில் இருக்கிற எட்டும் அப்படியே இருக்கட்டும். இனி ஒருவரும் விலைக்குக் கேட்டு வந்து நிற்கமாட்டார்கள்.

நீங்கள் பஸ்ஸை விட்டு மேற்கே இறங்குங்கள். முதல் வீடு. கதவைப் பார்க்காமல், லாபம் என்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள். குளத்துக்குப் போக வேண்டியதில்லை. கொல்லையில் அண்டா நிறையத் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பேன். மரம் பூத்திருக்கிறது. முதலில் தனியாகப் போகக் கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

பெயர் கேட்டிருந்தீர்கள். சொர்ணம். உங்கள் ஆத்தா பெயர்தான். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அடியே சொர்ணம், ஏண்டி சொர்ணம் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறேன். மாமியார் பெயரைச் சொல்லி 'டி' போட்டுக் கூப்பிட இந்த ஊரில் வேறு எந்த மருமகளுக்கு வாய்த்திருக்கிறது?

செவந்தி